நன்மை சிவந்த ஐப்பசி

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மரியஜோசப் போட்ட கூச்சலைக் கேட்டுப் பாதிப்பேர் பாம்பு என்றுதான் நினைத்தார்கள். மஞ்சக்குட்டை ரோட்டோரம் காபித் தோட்டத்துக்குள் இருக்கும் அந்தோனியார் கோயிலில், மழைக்காலத்தில் பின்னறைக்குப் பாம்பு வருவது புதிதில்லை. குடையை ஓங்கிக்கொண்டு ஓடிய ஆண்கள் உள்ளே போய்ப் பார்த்தால், மனுசன் முழந்தாள் போட்டு இரண்டு கையையும் விரித்து ஓவென்று அழுதுகொண்டிருக்கிறார். எதிரே மேசைமேல் மூடி போட்ட ஒரு கண்ணாடித் தட்டு. அதற்குள் ரத்தம்.

ரத்தம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு பெண்கள் பொத்துப் பொத்தென்று மண்டியிட்டார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்த தேவகுமாரி மட்டும் மண்டியிடவில்லை. அவள் கண்ணில் முதலில் பட்டது ரத்தமே இல்லை, தட்டின் விளிம்பில் இருந்த நீல நகப்பாலிஷ் புள்ளி. அந்தப் புள்ளியை வைத்தவள் அவளேதான்.

தேவகுமாரி ஏற்காட்டில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் லேப் அட்டெண்டர். எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்தவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. பதினாறு வயதில் அந்தப் பள்ளிக்குக் கூட்டிப் பெருக்கப் போனாள். ஒரு நாள் பீரோவை நகர்த்தும்போது பின்னால் கிடந்த பல்லி முட்டைகளைக் குப்பையில் தள்ளாமல், தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்து, மேலே தேதியும் எழுதி வைத்தாள். இதைப் பார்த்த விலங்கியல் டீச்சர் சிஸ்டர் பெலிசித்தா, துடைப்பத்தைப் பிடுங்கிப்போட்டு லேப் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். எட்டாவது படித்தவளுக்கு லேப் சாவியா என்று ஆபீஸில் மூக்கைச் சுழித்தவர்கள் உண்டு. சுழிக்கட்டுமே! பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரு சோதனைக் குழாயைக்கூட உடைக்கவில்லை. மூக்கைச் சுழித்தவர்கள் ஆளுக்கு நாலு டம்ளராவது உடைத்திருப்பார்கள்.

புருஷன் லூர்துராஜுக்கு இதில் தாங்க முடியாத பெருமை. அவன் காபிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் கூடத்தில் வேலை பார்த்தவன். "என்ற ஊட்டுக்காரி மைக்ராஸ்கோப்பத் தொடச்சாத்தான் சிஸ்டருக்கே கண்ணுத் தெரியும்" என்று டீக்கடையில் அளப்பான். இப்படி வாய் ஓயாத மனுசனைத்தான் அந்த வருஷம், எண்பத்திரண்டில், நெஞ்சுச்சளி பிடித்து உலுக்கியது. டி.பி. என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அறுபது ஊசி, அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் மாத்திரை. நடுவில் விட்டால் அப்புறம் எந்த மருந்துக்கும் மசியாது என்று நர்ஸம்மா விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பியிருந்தார்.

இனி தட்டு அங்கே போன கதை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக சிஸ்டர் சேலத்துக் காலேஜிலிருந்து ஒரு கிருமியை வாங்கி வைத்திருந்தார். அவித்த உருளைக்கிழங்கு வில்லையில் அதைத் தொட்டு வைத்தால், இரண்டு மூன்று நாளில் வில்லை செக்கச்செவேலென்று சிவந்துவிடும். புத்தகத்தில் அதற்கு இருந்த பெயர் தேவகுமாரியின் வாயில் நுழையவில்லை. சிவப்பு மாட்டைச் சொல்வதுபோல 'செவலை' என்று வைத்தாள். கடைசியில் சிஸ்டரும் செவலை என்றே சொல்லத் தொடங்கினார். செவலை வைக்கிற தட்டுக்கு நீலப் புள்ளி வைத்து, இருபது நிமிஷம் கொதிக்கவைத்த பிறகுதான் அதை மறுபடி எடுக்க வேண்டும் என்பது லேபில் கட்டளை.

ஒரு சனிக்கிழமை பள்ளியில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். எட்டுத் தட்டையும் ஒயர்க்கூடையில் போட்டு வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டாள். விறகெல்லாம் மழையில் ஊறிக் கிடந்தது. அடுப்பு மூட்டினால் வீடு முழுக்கப் புகை. புகை பட்டதும் லூர்துராஜுக்கு இருமல் கிளம்பி, கண் செருகுகிற மட்டும் போய்விட்டது. பதறிப்போய் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். தட்டுகளைச் சோப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தாள். திங்கட்கிழமை பள்ளியிலேயே கொதிக்கவைத்துக்கொள்ளலாம், இப்போது என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. அந்தக் கோயிலுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் பூசை. ஏற்காட்டிலிருந்து ஏசுராஜ் சாமியார் வருவார். பூசை முடிந்து அப்படியே பஸ் பிடித்துத் தட்டுகளைப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று கூடையையும் கொண்டுபோயிருந்தாள். பூசையில் மந்திரித்த அப்பமான நன்மையை வாங்குகிற நேரம். லூர்துராஜ் முறை வந்தது. நாக்கை நீட்டினான். சாமியார் அப்பத்தை நாக்கில் வைத்த அந்த நொடியில் பாழாய்ப்போன இருமல் வந்தது. வெள்ளை அப்பம் தரையில் விழுந்தது.

ஆண்டவர் உடம்பான நன்மை கீழே விழுவது சாதாரண விஷயமா? பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். சாமியார் நிதானமாகக் குனிந்து எடுத்தார். அப்படி விழுந்த அப்பத்தைத் தண்ணீரில் போட்டு மூடி வைத்து, அது கரைந்தபின் மனிதர் கால் படாத மண்ணில் ஊற்றவேண்டும் என்பது முறை. பெரிய கோயிலில் அதற்கென்று கிண்ணம் உண்டு. இங்கே இல்லை. "மூடி போட்ட சுத்தமான ஏனம் யாருகிட்டயாச்சும் இருக்குதா?" என்று உபதேசியார் கேட்டார்.

அவமானத்தில் குறுகி நின்ற லூர்துராஜ் ஒரே பாய்ச்சலாய்ப் பெண்கள் பக்கம் வந்து, பெண்டாட்டியின் கூடைக்குள் கையை விட்டு ஒரு தட்டை எடுத்து நீட்டினான். "இந்தாங்க ஃபாதர். லேப்பு தட்டு. இதையவிடச் சுத்தம் இந்த மலையில கெடைக்காதுங்க."

தேவகுமாரி வாயைத் திறந்தாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் ஊறியிருந்தது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷத்தைப் பின்னால் அவள் எத்தனை தடவை திட்டித் தீர்த்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

சாமியார் அப்பத்தை அந்தத் தட்டில் தண்ணீரில் போட்டு மூடிப் பின்னறை மேசைமேல் வைத்தார். அடுத்த பூசைக்கு வந்து தானே மண்ணில் ஊற்றுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பதினாலு நாளும் மழையும் பனியும்தான். பின்னறைச் சுவர் வியர்த்துக் கிடந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் உபதேசியாரின் கூச்சல்.

அன்றைக்குச் சாமியார் வந்து தட்டைப் பார்த்தார். பிறகு, "சேலத்துக்கு, மேற்றிராணியாருக்கு எழுதறேன். பதில் வர்ற வரைக்கும் ஒருத்தரும் இதை அற்புதம்னு சொல்லக்கூடாது. ஒருத்தரும் தொடக்கூடாது" என்று அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். சொல்லக்கூடாது என்றால் ஊர் கேட்குமா? புதன்கிழமைக்குள் மஞ்சக்குட்டை ஜீப்பில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். கிளியூரிலிருந்து மலைக்காரர்கள் பழக்கூடையோடு நடந்து வந்தார்கள். மலைச்சாமி சேர்வராயனுக்கு வேண்டிக்கொண்டவர்களும் இங்கே ஒரு நடை வந்து, கதவுக்கு வெளியே சூடம் கொளுத்திவிட்டுப் போனார்கள். உபதேசியாரிடம் இன்னொரு சாவி இருந்தது. அவர் கெட்டவரில்லை. முப்பது வருஷம் அந்தக் கோயிலைக் கூட்டி மெழுகி, ஒரு விசேஷமும் பார்க்காத மனுசன். ஆண்டவரே தேடி வந்தபின் கதவைப் பூட்டி வைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. தட்டைத் தொட்ட கையால் தண்ணீரைத் தொட்டுச் சீசாக்களில் ஊற்றிக் கொடுத்தார்.

தேவகுமாரியைக் கொன்றது இதெல்லாம் இல்லை. லூர்துராஜ் ஊசிக்குப் போவதை நிறுத்திவிட்டான். அறுபதில் முப்பத்தொன்று முடிந்திருந்தது.

"என் வாயிலருந்து உழுந்த நன்மை புள்ள அது" என்றான். "எத்தன பேரு வாங்குனாங்க? எனக்குத்தான உழுந்துச்சு? நான் கக்கற ரத்தத்த எனக்குப் பதிலா அவரு கக்கிட்டாரு. இனி எனக்கு ஊசி வேண்டாம்."

"ஏனுங்க, ஊசியும் ஆண்டவரு குடுத்ததுதானுங்க. போட்டுக்கிட்டே கும்பிடுங்க. யாரு வேண்டாங்கறா?"

"ஊசி போட்டா நம்பலைன்னு ஆயிரும். போ."

அதற்குமேல் அவளைப் பேச விடாமல் செய்தது இன்னொன்று. போன மாதம் வரை இவன் இருமினால் பக்கத்து பெஞ்சிலிருந்து எழுந்து போனவர்கள், இப்போது வாசலில் வந்து நின்று, "லூர்துண்ணா, கைய என்ற தலமேல வெய்ங்க" என்கிறார்கள். அவனும் வைக்கிறான். முகத்தில் அப்படி ஒரு களை. எட்டு மாதமாய் அவள் பார்க்காத களை அது. இதை எப்படிப் பிடுங்குவது? பிடுங்காவிட்டால் ஆள் இருப்பானா? ராத்திரி அவன் இருமுவதை எண்ணிக்கொண்டு படுத்திருப்பாள். ஒவ்வொரு நாளும் இருமல் கூடியது.

புதன்கிழமை மத்தியானம் லேப் கதவைச் சாத்திவிட்டுச் சிஸ்டர் பெலிசித்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார்.

"இது புதுசு இல்ல, தேவகுமாரி. ஐரோப்பாவுல முன்காலத்துல எத்தனையோ கோயில்ல அப்பம் சிவந்திருக்கு. சில ஊர்ல அற்புதம்னு திருவிழா எடுத்தாங்க. சில ஊர்ல, யூதர்கள்தான் அப்பத்தைக் குத்தி ரத்தம் வரவைச்சாங்கன்னு சொல்லி அந்தப் பாவப்பட்ட ஜனங்களைக் கொளுத்தியிருக்காங்க. நம்ம ஆளுங்கதான் கொளுத்தினாங்க. வெட்கத்தோட சொல்றேன்."

"செவலைதானுங்களா எல்லாம்?"

"எல்லாம் அதுதான்னு இன்னிக்கு யாரால சொல்ல முடியும்? பலதும் அதுவா இருக்கும்னு நினைக்கிறாங்க." சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "நூத்தி அறுபது வருஷத்துக்கு முந்தி இத்தாலியில ஒரு குடியானவன் வீட்டுல மக்காச்சோளக் களி சிவந்து போச்சு. சாபம் பிடிச்ச வீடுன்னு ஊரே ஒதுக்கி வைச்சுது. ஒரு டாக்டர் என்ன பண்ணினார் தெரியுமா? அதே சிவப்பை எடுத்து, அந்த ஊர்ச் சாமியார் வீட்டுக் களியில வைச்சார். அதுவும் சிவந்தது. சாமியார் வீட்டுல சாபம் இருக்குமா? ஜனம் வாயை மூடிக்கிச்சு. சயின்சுக்கும் சபைக்கும் எப்பவும் சண்டைதான்னு சொல்வாங்க. சண்டை நடந்தது உண்மைதான். ஆனா அன்னிக்கு ஒரு சாமியார் கதவைத் திறந்துவிடலைன்னா அந்தக் குடியானவன் கதி என்ன?"

"நீங்க வந்து சொல்லுங்க சிஸ்டர். உங்க பேச்ச கேப்பாங்க."

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். "நான் வந்தா பள்ளியில வளர்த்த கிருமின்னு ஆகும். பள்ளியை நடத்தற மதர் என்னை விட்டாலும் உன்னை விடமாட்டாங்க. வேலை போயிடும். யோசிச்சுச் சொல்லு, நான் வர்றேன்." வருவதாகத்தான் சொன்னார். ஆனால் அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும், கூப்பிடத் தேவகுமாரிக்கு மனம் வரவில்லை.

களிக்கதை மட்டும் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. வாயால் சொன்னால் நம்பமாட்டான், கண்ணால் பார்த்தால் நம்புவானே! கிளம்பும்போது கிருமிக் குழாயை முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று சாயங்காலம் மக்காச்சோள மாவில் கெட்டியாய்க் களி கிண்டி, தட்டில் பரப்பி, ஆறியபின் கம்பி முனையால் செவலையை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டாள். மூடி, சமையல் மூலையில் பலகைமேல் வைத்தாள். சிவந்ததும் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பக்குவமாய் எடுத்துச் சொல்லவேண்டும் என்று வார்த்தைகூடத் தேடி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை குழாயடியில் குடம் நிறைந்துகொண்டிருந்தபோது வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பலகைக்கு முன்னால் லூர்துராஜ் மண்டியிட்டிருந்தான். தட்டைத் திறந்து வைத்திருந்தான். மஞ்சள் களியில் செக்கச்செவேலென்று ஒரு கோடு.

"தேவா! நம்ம ஊட்டுக்கே வந்துட்டாரு புள்ள!"

"அய்யோ, அதில்லீங்க..."

அதற்குள் பக்கத்து லைன்காரர்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். ஏசுவே, மாதாவே என்று ஒரே கூச்சல். அரை மணி நேரத்தில் உபதேசியார் மெழுகுவத்தியோடு வந்தார். வாசலில் மழைச்சேற்றில் நூறு பேராவது நின்றிருப்பார்கள். இத்தாலியில் களி சாமியார் வீட்டில் சிவந்தது. இவள் களி, ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறவன் வீட்டில் சிவந்துவிட்டது. இதை யோசிக்காமல் போனோமே என்று தலையில் அடித்துக்கொள்ளக்கூட அவளுக்கு நேரமில்லை.

ஏனென்றால் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அத்தாயி வந்துவிட்டாள். மலைக்காரப் பெண். இடுப்பில் காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தை. "எம்புள்ளைக்குக் கொஞ்சம் தொட்டுக் குடுங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே விரலால் சிவந்த களியை வழித்தெடுத்தாள். விரல் குழந்தையின் வாய்க்குப் போனது.

தேவகுமாரி பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். களி சுவரில் போய் அப்பியது.

"கண்ணு, வேண்டாம்! அது கிருமி! சாமி இல்ல, கிருமி! நாந்தான் போட்டேன்!"

உபதேசியார்தான் முதலில் பேசினார்.

"என்னம்மா சொன்ன?"

"நாந்தானுங்க போட்டேன். இதுலயும் நாந்தான். கோயில்ல இருக்கறதும் என்னாலதான்..."

சொல்லி முடிக்க விட்டால்தானே! கோயிலில் இருப்பதும் இவள் வேலை என்ற மட்டும்தான் ஜனங்களின் காதில் விழுந்தது. நன்மையில் கிருமி வைத்தவள். வேண்டுமென்றே வைத்தவள். ஒருத்தி அவள் தலைமயிரைப் பிடித்தாள். இன்னொருத்தி முகத்தில் சேற்றை அள்ளி அடித்தாள். கொதிக்காத தட்டு, நனைந்த விறகு, புகை என்று அவள் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. "பாவி, ஆண்டவர் உடம்புல கைவெச்சுட்டியேடி" என்று உபதேசியார் நிஜமாகவே தேம்பி அழுதார். அவள் லூர்துராஜைப் பார்த்தாள். அவன் பலகையோரம் நின்றிருந்தான். அடிக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்ததால்தான் தப்பினாள். அவர் நேரே ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமியார் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். காய்ந்த சேறு முகத்தில் இருக்க, நின்ற இடத்திலேயே ஒன்றுவிடாமல் சொன்னாள். ஏசுராஜ் சாமியார் கேட்டு முடித்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. நீ சொல்றது நிஜம்னா எனக்குப் பாதி நிம்மதி. ஆனா வாய்வார்த்தையா மேற்றிராணியார்கிட்ட போக முடியாது. நிரூபிக்க முடியுமா?"

"முடியுங்க ஃபாதர். ஆனா என்ற ஊட்டுல வெச்சா ஆகாதுங்க. உங்க ஊட்டுல வெக்கோணும்."

மந்திரிக்காத சாதா அப்பம் இரண்டு எடுத்துக்கொண்டார்கள். பள்ளியிலிருந்து வாங்கிய இரண்டு கண்ணாடித் தட்டையும் சாமியாரின் சமையல்கட்டில் அவர் கண்ணெதிரே கொதிக்கவைத்தாள். கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி அப்பங்களைப் போட்டார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒன்றில் மட்டும் குழாயிலிருந்த செவலையைத் தொட்டு வைத்தாள். இரண்டையும் அவர் தன் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அங்கியில் போட்டுக்கொண்டார். உபதேசியாரை வரவழைத்துப் பூட்டின்மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்தும் வாங்கினார்.

அதற்கப்புறம் மூன்று நாள். தேவகுமாரி கன்னியாஸ்திரி மடத்தில் ஒரு மூலையில் படுத்துக் கிடந்தாள். சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை ஆள் வந்து, லூர்துராஜ் காலையில் அரைக் கிண்ணம் ரத்தம் கக்கினான் என்றான். ஞாயிற்றுக்கிழமை வந்தவன், காய்ச்சலில் பிதற்றுகிறான் என்றான். ஊசிக்கு வரச்சொல்லி இரண்டு தடவை ஆளனுப்பினாள். வரவில்லை. செவலை எப்போது சிவக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. ஆனால் இது மலை, குளிர் கூடிக் கிடக்கிறது. சிவக்காமல் போனால்? அற்புதம் அற்புதமாகவே நிற்கும், அவனும் அதை நம்பியே செத்துப்போவான். ஆண்டவரே, சிவக்கவையும், சிவக்கவையும் என்று ஒரு கிருமிக்காக ஜெபமாலை உருட்டியவள் இந்த மலையில் அவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பூட்டைத் திறந்தார்கள். ஒரு தட்டில் வெளுத்து ஊறிய அப்பம். இன்னொன்றில் அந்தோனியார் கோயில் சிவப்பு, அதே சிவப்பு. உபதேசியார் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. சாமியார் இரண்டு தட்டையும் பீடத்துக்கு முன்னால் வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "அப்பத்தோட உருவம் இருக்கற வரைக்கும்தான் அதுல ஆண்டவர் பிரசன்னம். கரைஞ்சுட்டா இல்ல. இது நானா சொல்றதில்ல, திருச்சபை எழுநூறு வருஷமாச் சொல்றது. கரையட்டும்னுதான தண்ணியில போடறோம்? இந்தப் பெண் மேல குத்தமில்ல. ஈர விறகு மேல குத்தம். மருந்து சாப்பிடறவங்க அதை நிறுத்துனா, அது விசுவாசம் இல்ல, பாவம்." அப்படியே வெளியே போய், கோயிலுக்குப் பின்னால் குழி தோண்டி, பின்னறைத் தட்டிலிருந்ததை ஊற்றினார். கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். அத்தாயி மட்டும் குழந்தையோடு வந்து தேவகுமாரியின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனாள்.

லூர்துராஜ் கடைசி பெஞ்சில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தலையில் கை வைக்கச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை. குழியை மூடும்போது எழுந்து தனியாக நடந்து போய்விட்டான். புதன்கிழமை முதல் பஸ்ஸில் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், நர்ஸம்மாவின் வசவை வாங்கிக்கொண்டு ஊசிக்குத் திரும்பி நின்றான்.

பள்ளியில் தேவகுமாரியிடமிருந்து லேப் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கிருமியை வெளியே கொண்டுபோனது குற்றம். வேலையை விட்டு நீக்கவில்லை, ஹாஸ்டல் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கப் போட்டார்கள். சிஸ்டர் பெலிசித்தா எத்தனையோ மன்றாடிப் பார்த்தார். தேவகுமாரி சாவியைக் கொடுத்த அன்று அழவில்லை. அவளை அழவைத்தது வீடு. லூர்துராஜ் அவளோடு பேசவே இல்லை. மாத்திரையைக் கையில் வைத்தால் விழுங்குவான். சோறு போட்டால் தின்பான். ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை, பதினாலு மாதம். கோயிலுக்கும் வருவதில்லை. அவனுக்கு நன்மையில் கிடைத்த ஒரே மரியாதையை நான் தட்டிவிட்டேன், அந்தக் கோபம் நியாயம்தானே என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

எண்பத்திநாலு தை மாதம் சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. இன்னும் நாலு மாதம் மாத்திரை முடித்துவிட்டால் போதும் என்றார் டாக்டர். இரண்டு பேரும் திரும்பும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பஸ் திரும்பும்போது லூர்துராஜ் ஜன்னலைப் பார்த்தபடியே வாயைத் திறந்தான்.

"அது ரத்தமில்லைன்னு எனக்கு மொதல்லயே தெரியும்."

அவளுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். "என்னங்க?"

"நான் எட்டு மாசம் ரத்தங் கக்குனவன் புள்ள. துணியில பட்டா மறுநாளே கறுத்துப்போகும். அது ரெண்டு நாளாகியும் சிவப்பாவே கெடந்துச்சு. ரத்தம் அப்படி இருக்காது."

"தெரிஞ்சுமா ஊசிய விட்டீங்க? தெரிஞ்சுமா களிக்கு முன்னால மண்டி போட்டீங்க?"

"எனக்குன்னு ஒண்ணு வந்துச்சேன்னு இருந்துச்சு. விட மனசு வரல."

பஸ் இன்னொரு வளைவு திரும்பியது. தேவகுமாரி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு பதினாலு மாதமாய் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேவிட்டாள். "அப்பறம் எம்மேல எதுக்குங்க இத்தன கோவம்? ஊருக்கு முன்னால சொல்லிப்போட்டேன்னா?"

அவன் அப்போதுதான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"சிஸ்டர்கிட்டச் சொன்ன. சாமியார்கிட்டச் சொன்ன. எனக்கு மட்டும் களி கிண்டி வேடிக்க காட்டப் பாத்த. நான் என்ன உன்ற பள்ளிக்கூடத்துப் புள்ளையா? ஏனுங்க, தட்டு கொதிக்கல, இப்படி ஆகிப்போச்சுன்னு அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, நானே எந்திரிச்சு ஊசிக்குப் போயிருப்பனே."